பங்களாச் சொத்து என்று நான் எழுதிய ஆல்பம்

பழைய புகைப்படங்களுக்கு விலை போடும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், என் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். தாளின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி, பூஞ்சணம் பிடித்த படத்தைக் காயவைப்பது எப்படி என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது, உங்கள் மேசையில் கணினி இருக்கிறது, என்னைவிட நல்ல கண்ணும் உங்களுக்கு இருக்கிறது. நான் சொல்லப்போவது நான் பண்ணிய ஒரு பிழையை. வேலையை விட்டு வந்து இத்தனை வருடமாகியும் அதை நினைத்தால் எனக்குக் காது சூடாகிவிடும்.

தொண்ணூறுகளில் தோட்டங்களெல்லாம் கம்பனிகளின் கைக்குப் போன காலம். பதுளை டவுனில், பஸ் நிலையத்திலிருந்து மேலே ஏறும் ஒரு சந்தில் எங்கள் கடை. பங்களாக்களைத் துப்புரவு செய்கிறோம் என்று பழைய சாமான்களை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள். வெலிமடையிலிருந்து லீக்ஸும் கரட்டும் ஏற்றிவரும் லொறியின் மூலையில் துரைமாரின் படங்களும் வந்து இறங்கும். கண்ணாடிச் சட்டத்தைத் துடைத்தால் முதலில் கரட் மண்தான் கையில் ஒட்டும். மழை நாளில் கடைக் கதவைச் சாத்திவிட்டு ஒரு தகரப்பெட்டியைத் திறக்கும்போது வரும் வாசம் இருக்கிறதே, கற்பூரமும் ஈரத்தாளும் கலந்த வாசம், அதற்காகவே நான் சம்பளமில்லாமல் கூட வேலை செய்திருப்பேன். முதலாளி காதில் இது விழாமல் பார்த்துக்கொண்டேன். நல்ல நாட்கள் அவை. அந்தச் சந்துப் பக்கம் இப்போது போனாலும் கால் தானாக ஒரு நிமிடம் நின்றுவிடும்.

எங்கள் தொழிலில் ‘வந்த வழி’ என்று ஒன்றைச் சொல்வோம். ஒரு படம் யார் எடுத்தது, யார் கையில் இருந்தது, எப்படி நம்மிடம் வந்தது என்கிற வரலாறு அது. ஒரே படம்தான். வந்த வழி தெரியாவிட்டால் அது வெறும் தாள். ‘இன்ன துரையின் பங்களாவிலிருந்து’ என்று ஒரு வரி சேர்ந்தால் கொழும்பில் அதற்கு ஆள் காத்திருப்பான். விற்க வருபவர் சொல்லும் கதையை நம்பாதே என்பதுதான் முதலாளி எனக்குச் சொன்ன முதல் பாடம். சும்மா சொல்லக்கூடாது, அதில் நியாயமும் இருந்தது. ஹாலிஎலப் பக்கமிருந்து ஒருவர் ஒரு பெரிய படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, இது என் பூட்டன் என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் பண்ணினார். படத்தில் இருந்தவர் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரப் பாதிரி.

இப்படி ஆயிரம் கதை கேட்டுப் புளித்துப்போயிருந்த நேரத்தில்தான் பாக்கியம் வந்தார். நமுனுகுல மலைப்பக்கத்துத் தோட்டமொன்றில் பிள்ளைக்காம்பரா ஆயா அவர். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்துக்குத்தான் பிள்ளைக்காம்பரா என்று பெயர். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். துணிப்பையிலிருந்து ஒரு தடித்த ஆல்பத்தை எடுத்து மேசையில் வைத்தார். தோல் அட்டை. அட்டையில் தங்க எழுத்தில் தோட்டத்தின் பெயர்.

“எங்கப்பா பங்களாவுல சமையல்காரரா இருந்தாருங்க. இது அவரு எடுத்த படங்க” என்றார்.

“அவரேவா எடுத்தாரு?”

“ஆமாங்க. பழைய கமெரா ஒன்ன தொரை குடுத்தாராம். சந்தைக்கு வர்றப்ப டவுன்ல குடுத்து, படத்தக் கழுவிக்கிட்டு வருவாரு. ஆல்பம் தொரசாணி சீமைக்குப் போறப்ப குடுத்தது. வெறும் ஆல்பம்தாங்க. படமெல்லாம் அப்பா ஒட்டுனது.”

மகளுக்கு ஆசிரியர் கலாசாலையில் இடம் கிடைத்திருப்பதாகவும், அதற்காகத்தான் விற்க வந்ததாகவும் சொன்னார். ஆல்பத்தைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போனார். அவர் சொன்னதற்கெல்லாம் நான் தலையை ஆட்டினேன். சின்னப்பிள்ளை பட்டம் விட்ட கதை சொன்னால் ஆட்டுவோமே, அந்த மாதிரி.

படங்கள் அருமையானவை. பங்களா, மல்லிகைப் பந்தல், டென்னிஸ் ஆடும் துரைமார், தேநீர் மேசை, தீபாவளிக்குப் புதுத்துணி உடுத்தி, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் நிற்கும் குடும்பங்கள். தாளை முகர்ந்து பார்த்தேன், ஓரத்தை லென்ஸில் பார்த்தேன், வயதாகிப் படத்தின் கறுப்பில் வெள்ளி பூத்திருப்பதைப் பார்த்தேன். ஐம்பது வருடத்துப் படங்கள், சந்தேகமேயில்லை. அப்புறம் பட்டியலில் மூன்று பக்கத்துக்கு எழுதினேன், தலைப்பு இப்படி: ‘பங்களாச் சொத்து. தோட்டத்துரை ஒருவர் எடுத்து, பங்களாவில் பாதுகாக்கப்பட்டு வந்த தொகுப்பு.’ கீழே விற்பவரின் பெயரும் என் கையெழுத்தும்.

ஏன் அப்படி எழுதினேன் என்றால், சமையல்காரர் எடுத்த படம் என்றால் கொழும்பில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணுக்கு நல்ல விலை வாங்கிக் கொடுக்கிறேன் என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். இது பாதி உண்மைதான். மீதியையும் சொல்லிவிடுகிறேன். நான் அவரை நம்பவில்லை. நானும் ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்தில் பிறந்தவன்தான். என் அப்பா தேயிலை மலையில் கவாத்து வெட்டியவர். லயத்து மனுசன் ஒருவன் கமெராவைப் பிடித்திருப்பான் என்று வேறு யாராவது நம்பாமல் போனால் எனக்குக் கோபம் வந்திருக்கும். நானே நம்பவில்லை. இதற்கு நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

பட்டியல் அச்சாகிக் கொழும்புக்குப் போனது. இரண்டு கிழமையில் பாக்கியம் திரும்பி வந்தார், கையில் ஒரு கடிதத்தோடு. பட்டியல் எப்படியோ தோட்டக் கம்பனிக்காரர் கண்ணில் பட்டிருக்கிறது. பங்களாச் சொத்து சமையல்காரர் மகளின் கையில் எப்படி வந்தது என்று கேட்டிருந்தார்கள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக்கூடாது. ஆல்பத்துடன் மறுநாள் ஒபீசுக்கு வரவேண்டும். தவறினால் பொலிசுக்குப் போவோம். குற்றம் உறுதியானால் அவர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவையும் காலி பண்ணவேண்டும்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஐயா, நான் என்ன சொன்னேன், நீங்க என்ன எழுதியிருக்கீங்க?” என்று மட்டும் கேட்டார்.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆல்பத்தைத் தோட்டத்திடமே கொடுத்துவிடு, பிரச்சினை முடிந்தது என்றார். இன்னொரு யோசனையும் சொன்னார். பட்டியலில் பக்கம் மாறிவிட்டது, வேறு ஆல்பத்துக்கு எழுதியதை இதற்குப் போட்டுவிட்டோம் என்று பூசி மெழுகிவிடலாமாம். இரவு முழுக்க இந்த இரண்டில் எது நல்லது என்று யோசித்துக்கொண்டிருந்தேனே தவிர, மூன்றாவது ஒன்று இருப்பது என் மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் காலை பஸ் பிடித்து இருவரும் போனோம். பேர் பதிந்து வேலை பிரிக்கும் காலைப் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்கு ஏறிவிட்டார்கள். ஒபீசில் மனேஜரும் பெரிய கிளாக்கரும் இருந்தார்கள். மனேஜர் இளம் வயதுக்காரர், கம்பனி வந்த பிறகு வந்தவர். கெட்டவர் இல்லை, சட்டப்படி நடப்பவர். அவர் ஆங்கிலத்தில் பேச, பெரிய கிளாக்கர் தமிழில் சொன்னார். கிளாக்கர் யாழ்ப்பாணத்தவர். முப்பது வருடமாக மலையில் இருந்தும் பேச்சு மாறாதவர். என் பட்டியலை விரித்து என் முன்னால் தள்ளினார்.

“இது உம்மட கையெழுத்துத்தானே?”

“ஆமாங்க.”

“பங்களாச் சொத்து எண்டு எழுதினது நீர்தானே?”

“ஆமாங்க.”

மனேஜர் ஏதோ சொன்னார். கிளாக்கர் பாக்கியத்தின் பக்கம் திரும்பினார். “ஆல்பத்தை வைச்சிட்டுப் போகட்டாம். பொலிசுக்குப் போகமாட்டினம். நாளைக்கே வேலைக்கு வரலாம்.”

நான் மூச்சு விட்டேன். வேலையும் மிஞ்சும், காம்பராவும் மிஞ்சும். பாக்கியத்தைப் பார்த்தேன், சரியென்று சொல்லுங்கள் என்று கண்ணால் கெஞ்சினேன். அவர் ஆல்பத்தின் மேலிருந்த கையை எடுக்கவில்லை.

“வச்சிட்டுப் போனா எங்கப்பா திருடுனதுன்னுதானங்க ஆவும்?” என்றார். “இருபத்தேழு வருசம் அந்தப் பங்களாவுல வெள்ளிக் கரண்டி ஒன்னு காணாமப் போனதில்லங்க. செத்த பொறவு அவரத் திருடன்னு சொல்ல விடுவேனுங்களா?”

அதற்குப் பிறகு பூசி மெழுக எனக்கு வாய் வரவில்லை. எழுந்து நின்று சொன்னேன், நான் எழுதியது பொய், இவர் என்னிடம் உண்மையைத்தான் சொன்னார், விலை ஏறட்டும் என்று நான்தான் மாற்றி எழுதினேன் என்று. முதல் முறையாகச் சரியாகப் பேசிவிட்டேன் என்று கொஞ்சம் நிமிர்ந்துகூட நின்றேன். கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:

“அண்டைக்கு எழுதினது பொய் எண்டால், இண்டைக்குச் சொல்லுறது மெய் எண்டு நாங்கள் எப்பிடி நம்பிறது?”

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். விலை போடுகிறவனிடம் இருப்பது அவன் வார்த்தை மட்டும்தான். நான் அதை ஒரு தடவை விற்றுவிட்டேன். அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்ட நேரத்தில் கொடுக்க என் கையில் ஒன்றுமில்லை.

பாக்கியம்தான் ஆல்பத்தைத் திறந்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மேசையில் வைத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் காட்டினார்.

“இது குசினி வாசப்படிலேருந்து. இது வெறகுக் கொட்டாயி ஓரத்துலேருந்து. இந்த டென்னிசு வெளையாட்டு, பாருங்க, செம்பருத்தி வேலிக்கு இந்தப்பக்கம் நின்னு. கோழிக்கூடு பக்கம். இதுவும் குசினிதான்.”

நானும் எட்டிப் பார்த்தேன். அந்த ஆல்பம் இரண்டு மாதம் என் மேசையில் கிடந்தது. தாளைப் பார்த்தேன், ஓரத்தைப் பார்த்தேன், பூஞ்சணத்தைப் பார்த்தேன். கமெரா எங்கே நின்றது என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பங்களாவை எடுத்த பத்துப் பன்னிரண்டு படத்தில் ஒன்றில்கூட முன்வாசல் இல்லை. போர்டிகோ இல்லை. எந்தத் துரையாவது தன் வீட்டைப் படம் எடுக்கும்போது முன்பக்கத்தை ஒருமுறையாவது எடுக்காமல் இருப்பானா?

“பங்களாவுக்குப் போய்ப் பார்க்கலாங்களா?” என்று கேட்டேன். மனேஜர் யோசித்துவிட்டு எழுந்தார்.

நாலு பேரும் மேட்டுப் பாதையில் ஏறிப் போனோம். பாக்கியம் முன்வாசல் பக்கம் போகாமல் பழக்கத்தில் நேரே சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். நாங்களும் பின்னால் போனோம். குசினி வாசற்படியில் நின்று ஒரு படத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். புகைபோக்கி, தண்ணீர்த் தாங்கி, அதற்குப் பின்னால் மலையின் மடிப்பு எல்லாம் படத்தில் இருந்தபடியே இருந்தன. வேலி மட்டும் அடர்ந்து உயர்ந்திருந்தது. படத்தை மனேஜரிடம் கொடுத்தேன். அவரும் அதே படியில் நின்று பார்த்தார். மூன்று வருடமாக இந்தப் பங்களாவில் இருக்கிறேன், இந்தப் படியில் இன்றைக்குத்தான் நிற்கிறேன் என்றார். அதைக் கிளாக்கர் தமிழில் சொல்லவில்லை. எனக்கு அந்தளவு ஆங்கிலம் புரியும்.

கிளாக்கர் லேசில் விடுகிற ஆள் இல்லை. “துரையும் பின்வாசலால வந்து நிண்டு எடுத்திருக்கலாமே” என்றார். நியாயமான கேள்வி. அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அப்படிக் கேட்கும் ஒருவர் என் பக்கத்து மேசையில் இருந்திருந்தால் இந்தப் பிழையே நடந்திருக்காது.

நான் தேநீர் மேசைப் படத்தை எடுத்தேன். ஆல்பத்திலேயே பெரிய படம் அதுதான். பின் வராந்தாவில் துரையும் துரைசாணியும் உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் மேசை. இரண்டு பேரும் படத்துக்குள் இருந்தால் எடுத்தது யார்? விருந்தாளியாக இருக்கலாம். லென்ஸை வைத்து மேசையைப் பார்த்துக்கொண்டே போனேன். கோப்பை, கேக் தட்டு, பால் குவளை. அப்புறம் வெள்ளித் தேநீர்க் கேத்தல். பளபளவென்று துலக்கி வைத்த கேத்தல். அதன் வயிற்றில் முற்றம் வளைந்து தெரிந்தது. முற்றத்தின் நடுவில் கடுகளவுக்கு ஒரு மனுசன். வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை. குனிந்து, நெஞ்சுக்கு நேரே எதையோ பிடித்துக்கொண்டு நின்றான்.

பழைய பெட்டிக் கமெராவை அப்படித்தான் மேலிருந்து குனிந்து பார்த்து எடுப்பார்கள். லென்ஸை முதலில் கிளாக்கரிடம்தான் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார். “ஓம்” என்றார். “ஆள் நிக்குது.” மனேஜர் பார்த்தார்.

கடைசியாகப் பாக்கியம். லென்ஸ் பிடித்துப் பழக்கமில்லை. முதலில் பார்க்கவேண்டிய கண்ணையே மூடிக்கொண்டார், ஒன்னுந் தெரியலயே என்றார். நான் கையைப் பிடித்துச் சரிபண்ணினேன்.

“முழங்கைய அப்படித்தான் தூக்கி வச்சிருப்பாரு” என்றார். “அப்பாதாங்க.”

தோட்டத்தில் பாதிப் பேரைப் படம் எடுத்த அந்த மனுசனை எடுக்க ஆளில்லை. பிரஜாவுரிமை இல்லாமல், அடையாள அட்டை இல்லாமல் செத்துப்போனவர். அதனால் அட்டைக்கென்றுகூட அவரை ஒரு படம் பிடிக்கவில்லை. அவர் முகம் எப்படி இருக்கும் என்று மகளுக்குக் காட்டக்கூட என்னிடம் ஒன்றுமில்லை என்று பாக்கியம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டுதான் வந்திருந்தார். நான் என் கவலையில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் குசினிப் படியில் உட்கார்ந்து அவர் அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. மறைக்க நினைக்கவில்லை.

மனேஜர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

“படம் எடுத்த ஆளின்ர பேர் என்ன எண்டு கேக்கிறார்” என்றார் கிளாக்கர்.

எனக்குத் தெரியவில்லை. இரண்டு மாதம் அவர் படங்களை வைத்திருந்து, மூன்று பக்கத்துக்கு எழுதி, கையெழுத்தும் போட்டவன் நான். பெயரைக் கேட்கவேயில்லை. பாக்கியத்தைத்தான் பார்த்தேன்.

“மாரிமுத்துங்க” என்றார், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

மனேஜர் அன்றைக்கே கடிதத்தைத் திரும்பப் பெற்றார். ஆல்பம் பாக்கியத்துடையதுதான் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பாக்கியம் மறுநாள் பிள்ளைக்காம்பராவுக்கு வேலைக்குப் போனார்.

ஆல்பத்தை வாங்கக் காத்திருந்த கொழும்பு ஆளிடம் நான் உண்மையைச் சொன்னேன். துரை எடுக்கவில்லை என்றதும், நான் பயந்தபடியே, விலையைக் குறைத்துவிட்டார். கடைக்கு வந்த பாக்கியத்திடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் அதிகம் யோசிக்கவில்லை. கேத்தல் படத்தைத் தரமாட்டேன், மற்றதைத் தருகிறேன், ஆனால் அப்பா பேரைப் போட்டால்தான் என்றார்.

பட்டியலைப் புதிதாக எழுதினேன். மனம் நிறைந்திருந்தது, அதனால் கையும் தாராளமாகப் போயிற்று. எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன்: “இந்தத் தொகுப்பு முழுவதும் எடுத்தவர், மலையகம் கண்ட மாபெரும் புகைப்படக் கலைஞர் அமரர் மாரிமுத்து அவர்கள்.”

பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“மறுபடியும் நீங்களா எழுதுறீங்களே ஐயா” என்றார். “கலைஞரெல்லாம் வேணாங்க. மாரிமுத்து, பங்களா சமையக்காரர்னு போடுங்க. தொரைக்கு ஆக்கிப் போட்டுட்டு, மிஞ்சுன நேரத்துல எடுத்த படம்ங்க அது.”

நான் எழுதியதை அடித்துவிட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்.